808 சத்தமும் அட்லாண்டா சந்துகளும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழ்ல ராப் பத்தி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் சொல்லப்போக, 'அது கிடக்கட்டும், ட்ராப்னா என்ன?'ன்னு கேட்டு மெயில் மேல மெயில். சரின்னு இந்த வாட்டி பக்கம் பூரா அதுக்கே ஒதுக்கியாச்சு.

எம்.ஆர்., விழுப்புரம்: காலேஜ் படிக்கிற பையன் ரூம்ல நாள் பூரா பாட்டு ஓடுது. மேல 'டிக்கிடிக்கிடிக்கி'ன்னு ஒரு சத்தம், கீழ வயித்தைக் கலக்குற மாதிரி பேஸ், நடுவுல ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல ஏதோ முணுமுணுக்குறான். கேட்டா 'ட்ராப்'ங்கிறான். என்ன சார் அது?

நீங்க சொன்ன மூணையும் சேர்த்தா அதுதான் ட்ராப், பையனைவிட நீங்களே நல்லா விளக்கிட்டீங்க. மேல ஓடுற டிக்கிடிக்கி ஹை-ஹாட், ட்ரம்ஸ்ல ரெண்டு தட்டு ஒண்ணு மேல ஒண்ணு இருக்குமே அந்த சத்தம், ஆனா கையால வாசிக்க முடியாத வேகத்துல கம்ப்யூட்டர் வாசிக்குது. கீழ வர்றது 808 பேஸ், அதைப் பத்தித் தனியா ஒரு கேள்வி வந்திருக்கு, அங்க பாத்துக்கலாம். கம்ப்யூட்டர்ல டெம்போவை, அதாவது வேகத்தை, நிமிஷத்துக்கு 140 தட்டு கிட்ட செட் பண்ணுவாங்க, ஆனா க்ளாப் சத்தம் நாலு தட்டுல மூணாவது தட்டுல மட்டும்தான் விழும், அதனால கேக்குற ஆளோட தலை 70 வேகத்துலதான் ஆடும். மேல அவசரம், கீழ நிதானம், ரெண்டுக்கும் நடுவுல ராப்பர் தன் இஷ்டத்துக்குப் போய்ட்டு வருவார்.

பேர் வந்த கதை கொஞ்சம் இருட்டானது. அமெரிக்காவோட தெற்குல இருக்குற அட்லாண்டா பக்கத்துல போதைப்பொருள் விக்கிற வீட்டை 'ட்ராப் ஹவுஸ்'னு சொல்லுவாங்க. பெரும்பாலும் யாரும் குடியில்லாத பாழடைஞ்ச வீடு, ஜன்னல்ல பலகை அடிச்சிருக்கும், உள்ள கிச்சன்ல அடுப்பு மட்டும் வேலை செய்யும், அந்த அடுப்புலதான் கொக்கைன் பவுடரைக் காய்ச்சி க்ராக் கட்டியா மாத்துவாங்க. அந்த வீட்டுக்குள்ளயும் வாசல்லயும் நடக்குறதைப் பாடினதால பாட்டுக்கும் அதே பேர் நின்னுடுச்சு. சத்தம் பின்னாடி வந்தது, இடம்தான் முதல்ல. உங்க பையனுக்கு இந்தப் பாதி தெரியுமான்னு கேட்டுப் பாருங்க.

வி.எஸ்., திருப்பூர்: இதைக் கண்டுபிடிச்சது யாரு? ஒருத்தர் டி.ஐ.ங்கிறார், இன்னொருத்தர் குச்சி மேன்ங்கிறார். நெட்ல சண்டையே நடக்குது.

நெட்ல மட்டுமா, ரெண்டு பேரும் அட்லாண்டா ராப்பருங்க, அவங்களுக்குள்ளயே இந்தப் பஞ்சாயத்து ஓடிட்டுத்தான் இருக்கு. தேதி வெச்சுப் பாத்தா டி.ஐ. பக்கம்தான் தராசு சாயும். 2001-ல அவரோட முதல் ஆல்பம் சரியாப் போகல, கம்பெனி கழட்டி விட்டுடுச்சு. மனுஷன் உக்காந்து அழல, சொந்தமா கிராண்ட் ஹசில்னு ஒரு லேபிள் (பாட்டுக் கம்பெனி) ஆரம்பிச்சு, கடைக்குப் போகாம நேரா ரசிகர் கைக்குப் போற பாட்டுத் தொகுப்பு, அதாவது மிக்ஸ்டேப், அதைத் தெருவுல வரிசையா இறக்கி விட்டார். 2003 ஆகஸ்ட்ல 'ட்ராப் மியூசிக்'னு பேரே வெச்சு ஆல்பம் வந்தது, பில்போர்ட்ங்கிற அமெரிக்க ஹிட் பட்டியல்ல நேரா நாலாவது இடம். அதுல இருக்குற 'ரப்பர் பேண்ட் மேன்' இன்னிக்கும் கேக்கலாம், பணக்கட்டுக்குப் போடுற ரப்பர் பேண்டைக் கையில மாட்டிட்டுத் திரியுற ஆளைப் பத்தின பாட்டு, டேவிட் பேனர் போட்ட பீட் (குரலுக்குப் பின்னாடி ஓடுற இசை).

2005-ல ரெண்டு பேர் சேந்தாப்ல வந்தாங்க. மே மாசம் குச்சி மேனோட 'ட்ராப் ஹவுஸ்', ஜூலைல யங் ஜீஸியோட 'தக் மோட்டிவேஷன் 101'. டி.ஐ. கதை சொல்றவர், நல்லது கெட்டது ரெண்டையும் யோசிச்சுப் புலம்புவார். ஜீஸி கரகரன்னு தொண்டையை வெச்சுக்கிட்டு, ஷாட்டி ரெட் போட்ட பேய்ப்பட சிந்தசைசருக்கு மேல, 'எந்திரி, போய்ச் சம்பாதி'ன்னு உசுப்பேத்துறவர். குச்சி வேற ரகம், சிரிச்சிட்டே பாடுவார், வார்த்தையை மென்னு மென்னு துப்புவார், வருஷத்துக்கு எத்தனை மிக்ஸ்டேப் விட்டார்னு அவருக்கே கணக்கு இருக்குமான்னு சந்தேகம்.

குச்சிக்கு பீட் போட்ட ஸேடோவன் பத்தி சொல்லாம விட்டா பாவம். சர்ச்சுல ஆர்கன் வாசிச்சு வளந்தவர், கலிஃபோர்னியாவுல இருந்து அட்லாண்டா வந்து முடிவெட்டுற தொழில் படிச்சவர், வீட்டு பேஸ்மென்ட்ல ஸ்டூடியோ வெச்சிருந்தார். ஞாயித்துக்கிழமை சாமி பாட்டுக்கு ஓடுற அதே விரல்தான் மீதி நாள்ல ட்ராப் பாட்டுக்கும் ஓடும். 'ஐஸி' பாட்டுல பின்னாடி வர்ற அந்த மணி மாதிரி கீபோர்டைக் கேளுங்க, பாட்டுல என்ன விக்கிறாங்கன்னே மறந்து போயிடும், அவ்ளோ குழந்தைத்தனமா இருக்கும்.

இன்னும் பின்னாடி போகணும்னா 1995-ல அட்லாண்டாவோட குடீ மாப், 1998-ல அவுட்காஸ்ட் பாட்டுலயே இந்த 'ட்ராப்' பேச்சு வந்தாச்சு. அதே காலத்துலயே மெம்ஃபிஸ் ஊர்ல த்ரீ சிக்ஸ் மாஃபியாங்கிற ராப் கோஷ்டி கேசட்டுல பதிஞ்சு வித்த பாட்டுகள்ல அந்த இருட்டு, அந்த ஹை-ஹாட், அந்த மிரட்டல் எல்லாம் பாதிக்குமேல இருக்கு. ஆக கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டா என் தீர்ப்பு: சமையல் மெம்ஃபிஸ்ல ஆரம்பிச்சது, பேர் வெச்சுப் பரிமாறினது டி.ஐ., ஊரைக் கூட்டிட்டு வந்து பந்தி போட்டது குச்சி.

ஜெ.பி., நாகர்கோவில்: ஏன் அட்லாண்டா? நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ்னு பெரிய ஊரெல்லாம் இருக்கும்போது?

அந்தப் பெரிய ஊர்க்காரங்க இளக்காரமாப் பாத்ததே ஒரு காரணம். 1995-ல நியூயார்க்ல நடந்த சோர்ஸ் அவார்ட்ஸ்ங்கிற ராப் விருது விழாவுல சிறந்த புதுக் குழுன்னு அவுட்காஸ்ட்டைக் கூப்பிட்டப்போ கூட்டம் ஊளையிட்டுச்சு. மேடையில நின்ன அந்தக் குழுவோட ஆந்த்ரே 3000 தெற்குக்கும் சொல்றதுக்கு ஒரு விஷயம் இருக்குன்னு ஒரே வரியில சொல்லிட்டு இறங்கினார். அதுக்கப்புறம் அட்லாண்டாக்காரங்க யாருகிட்டயும் போய் சான்ஸ் கேக்கல. லாஃபேஸ், சோ சோ டெஃப்னு ஊர்லயே லேபிள் இருந்தது, இசையமைப்பாளர் ரிக்கோ வேட் அம்மா வீட்டு பேஸ்மென்ட்டே ஒரு ஸ்டூடியோவா ஓடிச்சு, பாட்டு ஹிட் ஆகுமா ஆகாதான்னு ரேடியோக்காரன் சொல்றதுக்கு முன்னாடியே நைட் கிளப் டிஜே சொல்லிடுவார். அங்க ஆடுற பொண்ணுங்க எந்திரிச்சு ஆடலைன்னா அந்தப் பாட்டு அவ்ளோதான், கதை முடிஞ்சது.

இன்னொரு பக்கம் ஊரோட சோகம். அமெரிக்காவுல அரசாங்கப் பணத்துல கட்டின முதல் ஹவுசிங் போர்டு குடியிருப்பு அட்லாண்டாவுலதான், டெக்வுட் ஹோம்ஸ், 1936. அப்ப அது வெள்ளைக்காரங்களுக்கு மட்டும். பின்னாடி கறுப்பின மக்கள் வந்தாங்க, அரசாங்கம் கவனிக்கிறதை நிறுத்திச்சு, 80-கள்ல க்ராக் புகுந்தது. 1996 ஒலிம்பிக்ஸுக்கு ஊரை அழகு பண்றோம்னு டெக்வுட்டை இடிச்சாங்க, அப்புறம் ஒண்ணொண்ணா மத்த பெரிய குடியிருப்புகளையும், 2009-ல போவன் ஹோம்ஸ் போச்சு. சென்னையில கரையோரத்துல இருந்த ஜனங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கிப் போட்டதைப் பாத்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சட்டம் வேற. 1986-ல கொண்டு வந்த சட்டப்படி விக்க வெச்சிருந்த க்ராக் 5 கிராம் பிடிபட்டா குறைஞ்சது 5 வருஷம் ஜெயில், அதே 5 வருஷம் பவுடர் கொக்கைனுக்கு வேணும்னா 500 கிராம் பிடிபடணும். பவுடர் யாரு வெச்சிருப்பா, க்ராக் யாரு வெச்சிருப்பா? பணக்காரனுக்கு நூறு மடங்கு சலுகை. 2010-லதான் அதை 18 மடங்குன்னு குறைச்சாங்க, குறைச்சாங்களே தவிர சமம் ஆக்கல. ட்ராப் பாட்டுல பாதி வரி இந்தக் கணக்கைச் சுத்தித்தான் ஓடும், எத்தனை கிராம், எத்தனை வருஷம், எந்த அண்ணன் உள்ள இருக்கான், யாரு காட்டிக் கொடுத்தான்.

எஸ்.டி., தூத்துக்குடி: கல்யாணக் கச்சேரியில கீபோர்டு வாசிக்கிறேன். சின்னப் பசங்க '808 போடுங்கண்ணா, 808 போடுங்கண்ணா'ன்னு உயிரை வாங்குறாங்க. அது என்ன கருவி?

ஜப்பான் ரோலண்ட் கம்பெனியோட ட்ரம் மெஷின், டி.ஆர்-808, 1980-ல வந்தது. நிஜ ட்ரம் மாதிரி சத்தம் வரும்னு நம்பி வாங்கினவங்க ஏமாந்துட்டாங்க, ஏன்னா அதுல எதுவுமே நிஜ ட்ரம் மாதிரி இருக்காது, எல்லாம் சர்க்யூட் போட்டு உண்டாக்குற சத்தம். சுமார் 12,000 மெஷின்தான் செஞ்சாங்க, 1983-ல நிறுத்திட்டாங்க. நிறுத்தினதுக்குக் காரணம்தான் விசேஷம்: அந்த 'ஸ்ஸ்'ங்கிற சத்தத்துக்காகவே கம்பெனிக்காரர் கக்கேஹாஷி, ஃபேக்டரியில ரிஜெக்ட் ஆன டிரான்சிஸ்டரா தேடி வாங்கிப் போட்டிருந்தார், காலப்போக்குல டிரான்சிஸ்டர் தரம் நல்லாயிடுச்சு, கழிச்சுப் போட்டது கிடைக்கல, மெஷினும் நின்னுபோச்சு.

அப்புறம் செகண்ட் ஹேண்ட் கடையில சல்லிசா கிடைச்சதால காசில்லாத பசங்க கைக்குப் போச்சு. அதுல பேஸ் ட்ரம்முக்கு 'டிகே'ன்னு ஒரு திருகு இருக்கும், அதை முழுசாத் திருப்பினா 'தும்'னு நிக்க வேண்டிய அடி 'தூஊஊம்'னு இழுக்கும். அந்த இழுவையை ஸ்ருதி மாத்தி மாத்தி வாசிச்சா ட்ரம்மே பேஸ் கிட்டாராவும் ஆயிடுது, ட்ராப்போட அடித்தளம் முழுக்க இந்த ஒரு திருகுதான்.

இப்ப பெரும்பாலும் யாரும் நிஜ மெஷின் வெச்சுக்கிறதில்ல. பெல்ஜியம்காரங்க செஞ்ச எஃப்.எல். ஸ்டூடியோன்னு ஒரு சாஃப்ட்வேர், முந்தி ஃப்ரூட்டி லூப்ஸ்னு பேரு, திறந்தா ஒரு வரிக்கு 16 பெட்டி இருக்கும், எந்தப் பெட்டியைத் தட்டுறமோ அங்க சத்தம் விழும். ஹை-ஹாட் வரியில ரைட் க்ளிக் பண்ணி 'ரெண்டு பெட்டிக்கு ஒண்ணா நிரப்பு'ன்னு கொடுத்தா அஸ்திவாரம் ரெடி, அப்புறம் அங்கங்க பொடிப்பொடியா வெட்டிவிட்டா அந்த உருட்டல் வந்துடும். வர்ஜீனியா மாநிலத்துல லெக்ஸ் லூகர்னு ஒரு பையன் இப்படித்தான் வீட்டுல உக்காந்து பீட் போட்டு மைஸ்பேஸ் சைட் வழியா ராப்பர் வாக்கா ஃப்ளாக்கா ஃப்ளேமுக்கு அனுப்பினான், 2010-ல 'ஹார்ட் இன் தா பெயின்ட்', ரிக் ராஸுக்கு 'பி.எம்.எஃப்.', ரெண்டும் அந்த வருஷத்தையே ஆட்டிப்படைச்சது. அப்ப அவனுக்கு இருபது வயசுகூட ஆகல. பித்தளை வாத்தியம், வயலின், மணி எல்லாத்தையும் சிந்தசைசர்லயே போட்டு யுத்த கள ரேஞ்சுக்குக் கொண்டுபோனது அவன்தான், அதுக்கப்புறம் வந்த எல்லாரும் அந்த அச்சுல வார்த்ததுதான்.

உங்க கச்சேரிக்கு ஒரு யோசனை: கல்யாண மண்டப ஸ்பீக்கர்ல அந்த ஆழம் கேக்காது, சப்-வூஃபர் இல்லாம 808 போட்டா வெறும் 'டொக்'குன்னுதான் கேக்கும்.

கே.என்., கும்பகோணம்: மிருதங்கம் கத்துக்கிறேன். மீகோஸ் பாட்டு கேட்டப்போ திஸ்ர நடை மாதிரியே இருந்தது. என் கற்பனையா?

கற்பனையே இல்ல தம்பி, காது சரியா வேலை செய்யுது. தொடையில தாளத்தைத் தட்டிட்டு 'தகிட தகிட தகிட தகிட'ன்னு சொல்லிப் பாரு, தகிட இருந்த இடத்துல 'வெர்சாச்சி வெர்சாச்சி வெர்சாச்சி'ன்னு போடு, 2013-ல வந்த அந்த 'வெர்சாச்சி' பாட்டு அவ்ளோதான். ஒரு தட்டுக்கு மூணு எழுத்து. ஹை-ஹாட் அது பாட்டுக்கு சதுஸ்ரத்துல 'தகதிமி'ன்னு நாலு நாலா ஓடும்போது மேல இவங்க திஸ்ரத்துல மூணு மூணா ஓடுறதாலதான் அந்த உருளுற சுகம். பீட் நம்ம ஸேடோவன். ட்ரேக் அதுக்கு ரீமிக்ஸ் பாடினதும் அமெரிக்கா முழுக்கப் பத்திக்கிச்சு, அப்புறம் பாப் பாட்டுக்காரங்க வரைக்கும் எல்லாரும் தகிட தகிடதான்.

ஆனா முழுப் பெருமையையும் மீகோஸுக்குக் கொடுத்துடாதே. த்ரீ சிக்ஸ் மாஃபியாவுல லார்ட் இன்ஃபமஸ்னு ஒருத்தர் 90-கள்லயே மெம்ஃபிஸ்ல இதைப் பண்ணிட்டார். மீகோஸ் செஞ்சது வேற: க்வேவோ, ஆஃப்செட், டேக்ஆஃப் மூணு பேரும் ஒரே குடும்பம் மாதிரி ஒண்ணா வளந்தவங்க, ஒருத்தன் வரியை முடிக்கும்போது பின்னாடி மத்த ரெண்டு பேரும் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடிச்சு எதிரொலிப்பாங்க, பின்பாட்டு மாதிரி. அந்த எடுத்துக்கொடுக்குற அழகுக்காகவே கேக்கலாம். டேக்ஆஃப் 2022 நவம்பர்ல ஹூஸ்டன்ல துப்பாக்கிச்சூட்டுல செத்துப்போனார், 28 வயசு, மூணு பேர்ல திஸ்ரம் சுத்தமாப் பேசினவர் அவர்தான்னு நான் சொல்லுவேன்.

நம்மாளு ஒருத்தர் இருக்கார், இலங்கையில பொறந்து கனடாவுல வளந்த ஷான் வின்சென்ட் டி பால், யாஞ்சன் வாசிக்கிற மிருதங்கத்துக்கு மேல நேரடியா ராப் பண்ணி ஒரு வரிசையே போட்டிருக்கார். மிருதங்கம் கத்துக்கிற நீ அதைக் கேக்காம இருக்கக் கூடாது.

டி.ஆர்., ஈரோடு: ட்ராப்புக்கும் ட்ரில்லுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வரியில சொல்லவும்.

ட்ரில் சிகாகோவுல பொறந்த தம்பி, 2012-ல ராப்பர் சீஃப் கீஃப் மூலமா வெளிய தெரிஞ்சு, லண்டன் போய் பேஸை வழுக்கி வழுக்கி இழுக்கக் கத்துக்கிட்டு, திரும்ப நியூயார்க் வந்து பாப் ஸ்மோக் குரல்ல உக்காந்தது. ஒரு வரிதான் கேட்டீங்க, சொல்லிட்டேன்.

ஆர்.எல்., மதுரை: கேக்கணும்னு ஆசை, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. பிரபலமான பாட்டுகளைச் சொல்லுங்க. குடும்பத்தோட கேக்குற மாதிரி இருந்தா நல்லது.

குடும்பத்தோடயா? அப்ப இந்தப் பக்கத்தை மூடி வெச்சிடுங்க, ஹெட்போன் வாங்கிட்டு வந்து திறங்க.

முதல்ல டி.ஐ.யோட 'வாட் யூ நோ', 2006. டிஜே டூம்ப் போட்ட அந்த ஆரம்ப சிந்தசைசர், ராஜா ஊர்வலம் வர்ற மாதிரி இருக்கும், ராபர்ட்டா ஃப்ளாக் பாட்டுல இருந்து எடுத்துக்கிட்ட அடிப்படை, கிராமியும் வாங்கிச்சு. அடுத்து ஜீஸியோட 'சோல் சர்வைவர்', ஏகான் குரல்ல பல்லவி, கொஞ்சம் மெலடி இருக்கறதால புதுசா வர்றவங்களுக்கு வசதி. அப்புறம் 2015 பூரா ஓடின ஃபெட்டி வாப்போட 'ட்ராப் குவீன்', இது அட்லாண்டா இல்ல, நியூஜெர்சி பையன். பாட்டைக் கேட்டா அசல் காதல் பாட்டு, குரல் உருகி உருகிப் பாடும், வரியைக் கவனிச்சாத்தான் ஜோடியா சேந்து கிச்சன்ல க்ராக் காய்ச்சறாங்கன்னு தெரியும். அதைக் கல்யாண ரிசப்ஷன்ல போட்டு ஆடினவங்க எத்தனை பேரோ.

2016, 17 ரெண்டு வருஷம்தான் ட்ராப் உச்சியில உக்காந்த காலம். டிசைனரோட 'பாண்டா', ரே ஷ்ரிமர்டோட 'பிளாக் பீட்டில்ஸ்', மீகோஸோட 'பேட் அண்ட் பூஜீ', கார்டி பியோட 'போடாக் யெல்லோ', வரிசையா நம்பர் ஒண்ணு. 'பிளாக் பீட்டில்ஸ்' ஞாபகம் இருக்கா, எல்லாரும் சிலை மாதிரி உறைஞ்சு நின்னு வீடியோ எடுத்தாங்களே அந்த மானெக்வின் சேலஞ்ச், அதுக்குப் பின்னணியில ஓடினது. 'பேட் அண்ட் பூஜீ'க்கு நடிகர் டொனால்ட் க்ளோவர் கோல்டன் குளோப் விருது மேடையில, 2017 ஜனவரியில, பாட்டைப் போட்டதுக்காக மீகோஸுக்கு நன்றி சொன்னார், கொஞ்ச நாள்லயே அது உச்சிக்குப் போச்சு.

எனக்குப் பிடிச்சது கேட்டா ஃப்யூச்சரோட 'மாஸ்க் ஆஃப்'. மெட்ரோ பூமின் பீட். ஆரம்பத்துலயே ஒரு புல்லாங்குழல் வரும், அது 1976-ல செல்மா சிவில் உரிமைப் போராட்டத்தை வெச்சுப் போட்ட இசை நாடகத்துல இருந்து, 'ப்ரிசன் சாங்'னு ஜெயில் பாட்டு. அந்த அழுகையை எடுத்து 808 மேல உக்கார வெச்சு, மேல ஒருத்தன் மாத்திரை பேரா சொல்லிட்டு இருக்கான். கேக்கும்போது கொண்டாட்டமா துக்கமான்னு பிரிக்க முடியாது, ட்ராப் நல்லா அமைஞ்சா இப்படித்தான் இருக்கும். வெறும் பேஸும் பிராண்ட் பேரும் மட்டும் இருக்குற பாட்டெல்லாம் ரெண்டு வாட்டி கேட்டா தீந்து போயிடுது, ஜிம்முக்கு ஆகும்.

அப்புறம் ட்ராவிஸ் ஸ்காட்டோட 'சிக்கோ மோட்', 2018, ஒரே பாட்டுக்குள்ள பீட் ரெண்டு வாட்டி தலைகீழா மாறும். அதே வருஷம் க்ளோவரே சைல்டிஷ் காம்பினோங்கிற பேர்ல பண்ணின 'திஸ் இஸ் அமெரிக்கா', கோஷ்டி கானமும் கிட்டாருமா இனிமையாப் போய்ட்டிருக்கும்போது ஒரு துப்பாக்கி வெடிக்கும், அந்த நொடியில ட்ராப் பேஸ் இறங்கும். வீடியோவோட பாக்கணும். கிராமியில ரெக்கார்ட் ஆஃப் தி இயர், சாங் ஆஃப் தி இயர் ரெண்டும் வாங்கின முதல் ராப் பாட்டு.

பி.ஏ., கோவை: 2013-ல காலேஜ்ல ஹெல்மெட் மாட்டிட்டு 'ஹார்லெம் ஷேக்' ஆடினோம். அதையும் ட்ராப்னு போட்டிருந்தது. இதுல யாரும் பாடவே இல்லையே?

அது வீட்டை விட்டு ஓடிப்போன ட்ராப். 2012 வாக்குல டிஜேக்கள் அந்த 808-ஐயும் ஹை-ஹாட்டையும் மட்டும் எடுத்துக்கிட்டு, ராப்பரையும் அவன் கதையையும் வாசல்லயே விட்டுட்டு, டான்ஸ் மியூசிக்கா மாத்திட்டாங்க. பாவர் போட்ட 'ஹார்லெம் ஷேக்' முதல்ல யாரும் பெருசாக் கண்டுக்கல, நீங்கள்லாம் ஹெல்மெட் மாட்டி ஆடின வீடியோ புண்ணியத்துல 2013 பிப்ரவரியில நேரா நம்பர் ஒண்ணு, ஏன்னா அந்த வாரத்துல இருந்துதான் பில்போர்ட் யூட்யூப் பார்வைகளையும் கணக்குல சேத்தாங்க. டிஜே ஸ்னேக்கோட 'டர்ன் டவுன் ஃபார் வாட்'டும் இந்த வகையறாதான். ஆட்டத்துக்கு ஓகே. நான் குறை சொல்லல, ஆனா அட்லாண்டா பெருசுங்க இதை ட்ராப்னு ஒத்துக்க மாட்டாங்க.

எம்.எஸ்., காரைக்கால்: இதுல பொண்ணுங்களே இல்லையா?

இருக்காங்க, ஆனா ரொம்ப நாள் ஓரமா நிக்க வெச்சாங்க. மெம்ஃபிஸ்ல கேங்ஸ்டா பூ டீன் ஏஜ்லயே த்ரீ சிக்ஸ் மாஃபியாவோட சேந்து ஆம்பளைங்களுக்கு சரிசமமா மிரட்டினவர், 2023 புத்தாண்டு அன்னிக்கு காலமானார், செத்தப்புறம்தான் பத்திரிகைங்க பக்கம் பக்கமா எழுதுச்சு. 'போடாக் யெல்லோ' 2017-ல நம்பர் ஒண்ணு ஆனப்போ, துணைக்கு இன்னொரு கலைஞர் பேர் இல்லாம ஒரு பெண் ராப்பர் அந்த இடத்துக்கு வந்து 19 வருஷம் ஆகியிருந்தது, அதுக்கு முன்னாடி லாரின் ஹில். இப்ப மெகன் தி ஸ்டாலியன், லட்டோன்னு கூட்டம் பெருகிடுச்சு, நல்ல விஷயம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை: போதைப்பொருள் விற்பதைப் பெருமையாகப் பாடுவது எப்படி ஐயா கலையாகும்? பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?

ஐயா, நியாயமான கேள்வி. உங்க பக்கம் பேச ஆள் அங்கேயும் உண்டு. 2005-ல ஜீஸியோட சின்னமா ஒரு கோபக்கார பனிமனுஷன் பொம்மை போட்ட டிஷர்ட் வந்தது, பனின்னா கொக்கைன்னு பசங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, வாத்தியார்களுக்குத் தெரிய வந்ததும் நிறைய ஸ்கூல்ல தடை பண்ணிட்டாங்க.

எனக்குப் படுறது இது. நல்ல ட்ராப் பாட்டுல பெருமையும் பயமும் ஒட்டிக்கிட்டே இருக்கும், கார் வாங்கினேன்னு ஒரு வரி, தூக்கம் வரலைன்னு அடுத்த வரி. அம்மா வாடகை, தம்பி ஜெயில், கூட நின்னவன் சாவு எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. இதை வக்காலத்துக்காகச் சொல்லல, மோசமான பாட்டும் ஏராளமா இருக்கு, வெறும் பீத்தல். பாட்டைவிட எனக்கு பயம் தர்றது 'லீன்' சமாச்சாரம், கோடீன் கலந்த இருமல் மருந்தை சோடாவுல ஊத்திக் குடிக்கிறது, அதைப் பாட்டுல ஏதோ ஜூஸ் மாதிரி பாடுறாங்க. ஹூஸ்டன்ல பாட்டை வேகம் குறைச்சு ஓட்டுற பாணியையே உண்டாக்கின டிஜே ஸ்க்ரூ, 2000-ல 29 வயசுல போய்ச் சேந்தார், கோடீனும் மத்ததும் கலந்து உடம்பு தாங்கல. பேரப்பிள்ளைங்ககிட்ட பாட்டைத் தடுக்குறதைவிட இந்தக் கதையைச் சொல்லலாம்.

இன்னொண்ணும் இருக்குங்கய்யா. யங் தக்குனு அட்லாண்டா ராப்பரை 2022 மே மாசம் கும்பல் குற்றச் சட்டத்துல பிடிச்சாங்க, அவர் எழுதின பாட்டு வரிகளையே கோர்ட்டுல சாட்சியா வாசிச்சாங்க. ஜார்ஜியா மாநிலத்துலயே ரொம்ப நீளமான விசாரணை அது. 2024 அக்டோபர் கடைசியில சில குற்றச்சாட்டை ஒத்துக்கிட்டு வெளிய வந்தார், உள்ள இருந்த காலமே தண்டனை, கூட 15 வருஷம் கண்காணிப்பு. பாட்டுல 'நான்'னு சொன்னா அது பாடினவன் வாக்குமூலமா, பாத்திரமா? கலிஃபோர்னியாவுல 2022-லயே அதுக்கு வரம்பு போட்டுச் சட்டம் கொண்டு வந்துட்டாங்க. நீங்க இலக்கியம் நடத்தினவர்னா இந்தக் கேள்விக்கு என்னைவிட நல்லா பதில் சொல்லுவீங்க.

எல்.வி., பெங்களூரு: நானும் பீட் போடுறேன். இதுல காசு வருமாண்ணா?

வரும், வராமலும் போகும். 'பாண்டா' பீட்டை இங்கிலாந்துல இருந்த மெனஸ்ங்கிற பையன் நெட்ல வித்தது 200 டாலருக்கு. 'ஓல்ட் டவுன் ரோட்' பீட் இன்னும் மோசம், நெதர்லாந்து பையன் யங்கியோ ஆன்லைன்ல போட்டு வெச்சிருந்தான், லில் நாஸ் எக்ஸ் 30 டாலர் கொடுத்து வாங்கினார், அந்தப் பாட்டு 2019-ல 19 வாரம் நம்பர் ஒண்ணுல உக்காந்தது. ஹிட் ஆனப்புறம் பேர் போட்டு ராயல்டி பேசி வாங்கிக்கிட்டாங்கன்னு வெச்சுக்கோ, ஆனா அது ஆயிரத்துல ஒருத்தனுக்கு. நீ விக்கும்போது லைசென்ஸ் பேப்பரை ஒழுங்காப் படி, எத்தனை ஸ்ட்ரீம் வரைக்கும் அனுமதி, அதுக்கு மேல போனா என்னன்னு எழுதி வாங்கு. வேற பாட்டுல இருந்து சாம்பிள் எடுத்திருந்தா அதையும் முன்கூட்டியே சொல்லிடு, பின்னாடி கேஸ் வந்தா 30 டாலர் வக்கீல் ஆட்டோ செலவுக்குக்கூட காணாது.

ஏ.எம்., கோலாலம்பூர்: பேட் பன்னியும் ட்ராப்தானா?

ஆரம்பம் அதுதான். ப்யூர்ட்டோ ரிக்கோவுல சூப்பர் மார்க்கெட்ல பையில சாமான் போட்டுக் கொடுத்துக்கிட்டே சவுண்ட்க்ளவுட்ல பாட்டு ஏத்தினவர், 2016-ல வந்த 'சோய் பியோர்' சுத்தமான லத்தீன் ட்ராப், அதாவது ஸ்பானிஷ்ல பாடுற ட்ராப். இப்ப ரெக்கேட்டோன், சல்சான்னு எங்கெங்கயோ போய்ட்டார்.

ஜி.கே., சென்னை: நம்ம சினிமாவுல ட்ராப் இருக்கா?

சத்தம் இருக்கு, ஹீரோ கதவை எட்டி உதைச்சு வரும்போது பின்னாடி உருளுற ஹை-ஹாட் வேற எங்கிருந்து வந்ததாம்? கதை இல்ல. பக்கத்துல கேரளாவுல பொறந்து ஹூஸ்டன்ல வளந்த ஹனுமான்கைண்ட் 2024-ல 'பிக் டாக்ஸ்'னு ஒண்ணு விட்டார், பீட் கல்மி, பொன்னானியில மரணக்கிணத்துக்குள்ள கார் பைக் ஓடுறதை நடுவுல நின்னு பாடுவார், அமெரிக்க ஹாட் 100-ல 23 வரைக்கும் போச்சு. ஹூஸ்டன் தெரு பாஷை அவர் வாயில ஒட்டாம நிக்கல, ஏன்னா அது அவர் வளந்த ஊர். நம்ம சினிமாக்காரங்க வெறும் 808-ஐ வாங்கி வெச்சுக்கிட்டு பில்டப் கொடுக்கும்போது எனக்கு என்னமோ பாதிதான் கேக்குது.

எஸ்.வி., திருச்சி: மகள் பிரசவத்துக்கு அட்லாண்டா போறோம், ஆறு மாசம் அங்கதான். என் வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தைப் படிச்சிட்டு 'அதைப் பாக்கணும்'ங்கிறார். பாக்க ஏதாவது இருக்கா?

முதல்ல வாழ்த்துகள். ட்ராப் மியூசிக் மியூசியம்னு ஒண்ணு இருக்கு, டி.ஐ.தான் 2018-ல ஆரம்பிச்சார். ட்ராப் ஹவுஸ் கிச்சனை செட் போட்டு வெச்சிருக்காங்க, உள்ள மாட்டிக்கிட்டு துப்பு கண்டுபிடிச்சு வெளிய வர்ற விளையாட்டு ரூமும் உண்டு. திறந்திருக்குற நாள், டிக்கெட் எல்லாம் ஆன்லைன்ல பாத்துட்டுக் கிளம்புங்க. ராப்பர் 2 செயின்ஸ் 2017-ல ஆல்பம் விளம்பரத்துக்காக ஒரு வீட்டை முழுக்க பிங்க் பெயின்ட் அடிச்சு வெச்சார், ஜனம் க்யூ கட்டி போட்டோ எடுத்தது, நடுவுல அங்கேயே இலவச எச்.ஐ.வி. பரிசோதனை முகாமும் நடத்தினாங்க. அந்த வீட்டைத் தேடி அலையாதீங்க, ரெண்டு மூணு மாசத்துலயே திரும்ப வெள்ளை அடிச்சிட்டாங்க. மகள் வீடு ஆல்ஃபரெட்டா பக்கம்னா சாயந்திர டிராஃபிக்ல ஊருக்குள்ள வராதீங்க, மத்தியானமே போய்ட்டு வந்துடுங்க, கைக்குழந்தையைக் கூட்டிட்டுப் போக வேண்டாம், உள்ள சத்தம் ஜாஸ்தி.